தவிர்ப்பது நலம்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஸ்ரீபெரும்புதூரை ஒட்டி இருந்த ஒரு சின்ன கம்பெனியில் நான் ஆபீஸ் குமாஸ்தா. தகட்டை அச்சில் அழுத்திப் பாகங்கள் செய்யும் இடம். அங்கே எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற திமிர் எனக்கு உண்டு. 'மேற்படி', 'யாதெனில்' இல்லாமல் என் பேனாவிலிருந்து ஒரு வரி இறங்காது.

ஒருநாள் மதியம் இரண்டாம் நம்பர் பிரஸ்ஸில் கோளாறு. பெடலை மிதிக்காமலேயே, எப்போது என்று சொல்ல முடியாமல், மேல் அச்சு தானாக இறங்கியது. மெயினை அணைத்தால் மற்ற மூன்று பிரஸ்ஸும் நின்றுவிடும். சூப்பர்வைசர் என்னிடம், "அத எவனும் தொடாதேன்னு எழுதி ஒட்டுய்யா" என்று சொல்லிவிட்டு, மெக்கானிக்கை அழைத்துவர மெட்ராசுக்குப் பஸ் ஏறினார்.

'தொடாதே' என்று எழுதக் கை கூசியது. அது சுவரில் 'சிறுநீர் கழிக்காதே' என்று எழுதுகிறவனின் எழுத்து. நான் பதினோரு வரி எழுதினேன். 'இயக்க இணைப்பில் ஏற்பட்டுள்ள குறைபாடு' என்று தொடங்கி, 'மேற்படி இயந்திரத்தின் பயன்பாட்டைத் தவிர்ப்பது நலம்' என்று முடித்தேன். நோட்டீஸ் போர்டில் ஒட்டி, தள்ளி நின்று ரசித்தேன். நாலு மணிக்குச் சைக்கிளை எடுத்தேன்.

வீட்டுக்கு, பிள்ளைப்பாக்கம் போகும் வழியில் பாதியில்தான் எனக்கு உறைத்தது. எங்கள் ஆட்கள் போர்டில் ஓவர்டைம் உண்டா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். முதல் வரியில் அது இல்லையென்றால் நகர்ந்துவிடுவார்கள். இரண்டாம் ஷிப்டில் அந்தப் பிரஸ்ஸில் உட்காருகிறவர் மண்ணூர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்மோனியம் வாசிப்பவர். அவருடைய விரல்கள் நினைவுக்கு வந்தன. படிக்காமல் கையைக் கொடுக்கப்போகிறாரே பாவி என்று அவரைத்தான் திட்டிக்கொண்டு திரும்பி மிதித்தேன்.

உள்ளே ஓடினால், அவர் இரண்டாம் நம்பரில் உட்கார்ந்து அச்சுக்குள் கைவிட்டுத் தகடு வைத்துக்கொண்டிருந்தார்.

"கைய எடுங்க! நோட்டீஸ் படிக்கலியா?" என்று கத்தினேன்.

அவர் கையை எடுத்துப் போர்டைக் காட்டினார். "ரெண்டு தபா படிச்சேன் சார். தவிர்ப்பது நலம்னுதானே போட்டுகிறீங்க? வோணாம்னு போடலியே. கொஞ்சம் பீஸு பாக்கி கீது, அத்த முடிச்சிட்டு..."

மேல் அச்சு இறங்கியது. அவர் கால் பெடலில் இல்லை. கை இன்னும் போர்டைக் காட்டிக்கொண்டிருந்தது.

அவர் அந்தக் கையை மெல்ல இழுத்து, இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் 'சார்' இல்லை.

"சூப்பர்வைசரு இன்னா எழுதச் சொன்னாரு ஒன்ன?"

"தொடாதேன்னு."

"அத்த எழுத ஒனக்கு இன்னாய்யா கேடு?"