மாடத்து டப்பா

சின்னக் காஞ்சிபுரத்தில் லோகாம்பாள் குடியிருந்த வீட்டில் விலை மதிப்புள்ளது எது என்று கேட்டால், கூடத்தில் தரையை வெட்டி இறக்கியிருந்த குழியைத்தான் சொல்ல வேண்டும். தறிக்குழி. அவள் புருஷன் ஆதிகேசவன் காலை ஆறு மணிக்கு அதற்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் பகல் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பான். ஆனால் குழி இருந்தது வீட்டுக்காரருடைய தரையில். சட்டி பானையை வண்டியில் ஏற்றலாம், குழியை ஏற்ற முடியாது. தரையை வெட்டவிடுகிற வாடகை வீடு அந்த ஊரில்கூட நினைத்த மாத்திரத்தில் கிடைக்காது.

1972 ஆகஸ்டு கடைசியில் வீட்டுக்காரர் திருஞானசம்பந்தம் வந்தார். பதினெட்டு ரூபாய் வாடகையை அடுத்த மாதத்திலிருந்து இருபத்துநாலாக்கப் போவதாகச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார்.

"முடியலைன்னா முடியலைன்னு சொல்லிடும்மா. வூட்டைக் கேட்டுக்கினு ரெண்டு பேர் நிக்கறாங்க. அஞ்சாந்தேதி வரேன், ஒரு வார்த்தை சொல்லிடு."

ஆதிகேசவன் தறியிலிருந்தபடியே "சரிங்க" என்றான். யார் எதைச் சொன்னாலும் அவன் வாயில் வருவது அந்த ஒரு வார்த்தைதான்.

லோகாம்பாளுக்கு அன்று முழுக்க ஆறு ரூபாய் நினைப்புதான். காப்பியை ஏற்கெனவே ஒரு வேளையாக்கியாகிவிட்டது. அவளும் சும்மா இல்லை, நாலு தெரு தள்ளி ஒரு பட்டுக்காரர் வீட்டில் காலை ஏழிலிருந்து இரண்டு மணிவரை நூல் சுற்றப் போகிறாள். இதே யோசனையில் விறகு பிளந்தவள் ஒரு கட்டையைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டாள். கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. ஒரு வாரம் வேலைக்குப் போக முடியாது.

அப்படித்தான், கல்யாணமான பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக, ஒன்றாம் தேதிக் காலையில் அவள் வீட்டில் இருந்தாள்.

வாசல் கதவுக்குப் பக்கத்தில், சுவரில் ஒரு மாடம். அதில் ஒரு பிஸ்கட் டப்பா. ஆதிகேசவன் கூலியில் கொஞ்சம் சில்லறையை அதில் போட்டு வைப்பான். கைச்செலவுக்கு என்று அவள் நினைத்திருந்தாள். பட்டுத் தறியில் நடுவில் எழுந்து எழுந்து உட்கார்ந்தால், நிறுத்தின இடம் புடவையில் கோடாகத் தெரியும். அதனால் அந்தத் தெருவில் மாசப் பணத்துக்கு வருகிறவர்களுக்கு யாரும் எழுந்து போய்க் காசு தருவதில்லை. "மாடத்துல இருக்குது, எடுத்துக்க" என்பார்கள். வந்தவர் தனக்குச் சேர வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு போவார். ஒரு பைசா கூடுதலாக எடுத்ததாக யாரைப் பற்றியும் பேச்சு கிடையாது. அதே சமயம், போதும் என்று நிறுத்தினதாகவும் பேச்சு கிடையாது.

காலை எட்டு மணிக்கு ஒரு பையன் கை உள்ளே நீண்டு டப்பாவைத் திறந்தது.

"யார்றா அது?"

"நான்தான்க்கா, யேசுதாஸ். சிலம்பக் கூடத்துச் சந்தா, ஒரு ரூபா."

"சிலம்பமா? இந்த வூட்டுல யாரு?"

"அண்ணன்தான். அவருதான் எங்க கூடத்துல மூத்த மெம்பரு."

லோகாம்பாள் திரும்பிப் பார்த்தாள். மூத்த மெம்பர் வளைந்த முதுகோடு, நூலோட்டும் நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தார். நேற்று இரவுதான் இடுப்புக்கு வேப்பெண்ணெய் தேய்த்துவிட்டிருந்தாள்.

"அவரு கொம்பைத் தொட்டு எத்தினி வருசமாச்சு?"

யேசுதாஸ் மரியாதையாக யோசித்தான். "எனக்குத் தெரிஞ்சு தொட்டதே இல்லக்கா."

"அப்ப பேரை அடிச்சிடு."

"அண்ணே?" என்றான் பையன் தறிப் பக்கம் பார்த்து.

"சரிப்பா" என்றான் ஆதிகேசவன்.

அடுத்து பஜனைக் கோயில் எண்ணெய்க்கு எட்டணா. மார்கழி முழுக்க அங்கேதானே பொங்கல் தின்கிறோம் என்று லோகாம்பாள் அதில் கை வைக்கவில்லை. பதினோரு மணிக்கு சைக்கிள் மணி கேட்டது. முருகேசன், வீட்டுக்கு வீடு வாரப் பத்திரிகை வாடகைக்குப் போடுகிறவன். மாசம் இரண்டு ரூபாய்.

"இது யாருக்குப்பா? அவரு படிச்சு நான் பாத்ததில்லையே."

"காந்தா கேட்டு ஆரம்பிச்சதும்மா. தொடர்கதைக்காக."

காந்தா ஆதிகேசவனின் தங்கை. ஆரணியில் வாழ்க்கைப்பட்டு நாலு வருஷமாகிறது, இரண்டு குழந்தைகள். தொடர்கதை எப்போதோ முடிந்திருக்கும். முருகேசன் வாராவாரம் ஜன்னலில் வைக்கிறான், அடுத்த வாரம் மடிப்புக் கலையாமல் எடுத்துக்கொண்டு போகிறான்.

"கசங்காம குடுக்கறீங்களேன்னு நானும் சந்தோஷப்பட்டுக்கினு இருந்தேன்" என்றான் அவன்.

நிறுத்தச் சொன்னதும் அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது. அதைப் பார்க்காததுபோல லோகாம்பாள் ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். அவளுக்கு எண் தெரியும், எழுத்து வராது. டப்பாவுக்கு அடியில் இருந்த கூலிச் சீட்டை அவனிடம் நீட்டி, "இதுல பிடிச்சதெல்லாம் இன்னான்னு படி" என்றாள்.

முருகேசன் மோரைக் குடித்துக்கொண்டே படித்தான். பாதியில் நிறுத்தினான்.

"மரண உதவி நிதி ரெண்டு ரூபா. அதுக்குக் கீழே மறுபடியும் மரண உதவி நிதி ரெண்டு ரூபா. ஒண்ணு ஆதிகேசவன். இன்னொண்ணு சின்னப்பையன்னு போட்டிருக்குதும்மா. யாரது?"

சின்னப்பையன் அவள் மாமனார். இறந்து ஆறு வருஷம்.

மறுநாள் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு நொண்டிக்கொண்டே நெசவாளர் சங்கத்துக்குப் போனாள். கணக்கர் தேவசகாயம் பேரேட்டைப் புரட்டினார்.

"அவருக்கு நிதிப் பணம் குடுத்தாச்சுன்னு இருக்குதேம்மா."

"குடுத்தீங்க. நான்தான் கைநாட்டு வச்சு வாங்கினேன். அதுக்கப்புறமும் மாசாமாசம் ரெண்டு ரூபா கட்டிக்கினு இருக்காரே, இன்னொரு தபா சாவப் போறாரா?"

பக்கத்து மேஜைக்காரர் சிரித்துவிட்டார். தேவசகாயம் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"தறி அவரு பேருல நிக்குதும்மா. மகன் புது மெம்பராச் சேர்ந்தாரு, தறியைப் பேர் மாத்தல. தறிக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒண்ணுன்னு பிடிச்சிருக்காங்க. உங்க வூட்டுக்காரரு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"அவரு கேக்கறவரா இருந்தா நான் ஏன் நொண்டிக்கினு வரேன்?"

அங்கேயே பேர் மாற்ற மனு எழுதிக் கொடுத்தார். இந்த மாதத்திலிருந்து பிடிக்க மாட்டார்கள். ஆறு வருஷப் பணத்தைக் கமிட்டியில் வைப்பதாகச் சொன்னார். அது வந்தால் வரட்டும் என்று லோகாம்பாள் விட்டுவிட்டாள்.

வரும் வழியெல்லாம் விரலை மடக்கினாள். சிலம்பம் ஒன்று, பத்திரிகை இரண்டு, மாமனார் இரண்டு. ஐந்து. இன்னும் ஒரு ரூபாய் இடித்தது.

"சாப்பாட்டுக்கு அப்புறம் வெத்தலையை விட்டுடறேன்" என்றான் ஆதிகேசவன் ராத்திரி.

"உங்களால முடியாது. வேற சொல்லுங்க."

வேறு எதுவும் அவனுக்குத் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

ஐந்தாம் தேதி திருஞானசம்பந்தம் வந்தார். போன மாத வாடகை பதினெட்டை லோகாம்பாள் அவர் கையில் கொடுத்தாள். அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே மாடத்தில் கையை விட்டு டப்பாவிலிருந்து ஒரு ரூபாயை எடுத்தார்.

"இது எதுக்குங்க?"

"கிணத்துக்கயிறு, தூர் எடுக்கிறது. வழக்கமா எடுக்கிறதுதானேம்மா."

கொல்லைக் கிணற்றில் ஆடு விழுந்து, கருங்கல் பலகை போட்டு மூடி இரண்டு வருஷமாகிறது. தெருக்குழாய் வந்த பிறகு அதை யாரும் திறக்கவில்லை. பலகைமேல்தான் அவள் வடகம் காயப்போடுகிறாள்.

லோகாம்பாள் குரலை உயர்த்தவில்லை. "கல்லைத் தூக்கிக் காட்டறேன், வாங்க. கயிறு எந்த நெலமையில இருக்குதுன்னு நீங்களே பாத்துடுங்க."

தறிச் சத்தம் நின்றது. புடவையில் கோடு விழுந்தாலும் விழட்டும் என்று ஆதிகேசவன் கையை எடுத்துவிட்டான் போலிருக்கிறது. திருஞானசம்பந்தத்தின் முகம் சிவந்தது. மோசக்காரர் இல்லை அவர்.

"அட, ஆமாம்மா. கை தானா அங்க போயிடுது." ரூபாயைத் திரும்ப டப்பாவில் போட்டார். "சரி, வாடகை விஷயம்?" என்றார்.

"இருபத்துநாலு தரோம். அதுக்கு மேல இந்த மாடத்துல யாரும் கை வைக்கக் கூடாது."

"சரிம்மா" என்றார். போகும்போது, வீடு கேட்டு நின்றுகொண்டிருந்த இரண்டு பேருக்கும் வேறு வீடு பார்த்துவிடுவதாகத் தறிப் பக்கம் பார்த்துச் சொன்னார்.

அவர் தெருமுனை திரும்பினபின் லோகாம்பாள் வாசற்படியிலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரமாக நெஞ்சில் இருந்த கட்டை அப்போதுதான் இறங்கியது. கால் வலிப்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"லோகா" என்றான் ஆதிகேசவன் குழிக்குள்ளிருந்து. "அந்தச் சிலம்பம் எனக்குப் பத்து வருசமாவே வாணாம்னுதான் இருந்துச்சு. நேர்ல பாத்தா சொல்ல வரமாட்டேங்குது."

"இனிமே என்னைக் கேக்கச் சொல்லுங்க. எனக்கு நல்லா வருது."

அவன் சிரித்தான். நாடா மறுபடியும் ஓட ஆரம்பித்தது. அவள் எழுந்து டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அடுக்களையில் புளிப்பானைக்குப் பின்னால் வைத்தாள்.

அக்டோபர் ஒன்றாம் தேதி அவள் வேலைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது முருகேசனின் சைக்கிள் வாசலில் நின்றது. அவன் தறி ஓரமாகக் குந்திக்கொண்டு ஆதிகேசவனுக்கு ஒரு தொடர்கதையின் நடுவில் ஏதோ ஒரு வாரத்தை வாசித்துக்கொண்டிருந்தான்.

"பணத்துக்கு இல்லம்மா" என்றான் அவசரமாக எழுந்து. "மோருக்கு."