நான்காவது ஸ்டட்

மண்ணெண்ணெயும் எஞ்சின் ஒயிலும் துருவும் கலந்த வாடை, எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் போகாமல் சோறு பிசையும்போது விரலிலிருந்து எழும்பும். அக்காவின் கலியாண வாரம் முழுவதும் கொட்டாஞ்சேனையிலிருந்த எங்கள் வீட்டில் அப்பாவின் சாப்பாடு அப்படித்தான் மணத்தது.

துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த அப்பாவிடம் ஒரு பழைய கார் இருந்தது. எஞ்சினோடு சைலன்சர் குழாய் பொருந்தும் இடத்தில் 'லீக்' விழுந்து, ஸ்டார்ட் பண்ணினால் தெருவே திரும்பிப் பார்க்கும். புகை பின் ஆசனம் வரை வரும். அக்கா நகை, சாரி எதையும் பெரிதாகக் கேட்கவில்லை. சனிக்கிழமை மாதா கோயிலுக்குத் தன்னை அப்பாவே காரில் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்பதைத்தான் கேட்டாள். வெள்ளைச் சாரியோடு அந்தப் புகைக்குள் அவளை எப்படி ஏற்றுவது?

ஆகவே அப்பா குழாயைக் கழற்றினார். குழாயைப் பிடித்திருந்த நான்கு 'ஸ்டட்'டுகளும், அதாவது எஞ்சினுக்குள் முறுக்கி இறக்கிய தலையில்லாத, புரி வெட்டிய ஆணிகள், துருப்பிடித்து இறுகியிருந்தன. தலையில்லாததை ஸ்பேனர் பிடிக்காது. அதனால் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டி, கீழ் நட்டில் ஸ்பேனரை வைத்து, இம்மி இறுக்கி, இம்மி தளர்த்தி, கீச்சிட்டால் நிறுத்தி, எண்ணெய் விட்டு மறுநாள் வரை விட்டுவிடுவார். "அது வரும்போது வரும், மகன்" என்பார். இப்படியே செவ்வாய்க்கிழமைக்குள் மூன்று வந்துவிட்டன.

நான்காவதை நான் எடுத்தேன். எனக்குப் பதினைந்து வயது. பௌதிகத்தில் நெம்புகோல் படித்து முடித்து, உலகத்தில் அசையாத பொருளே கிடையாது என்ற முடிவுக்கு வந்திருந்தேன். புதன்கிழமை பின்னேரம், அப்பா வேலையால் வருமுன், ஸ்பேனரில் தண்ணீர்க் குழாய்த் துண்டொன்றைச் செருகித் தொங்கினேன். ஸ்டட் மெத்தென்று இளகித் திரும்பியது. கழன்றுவிட்டதென்று சந்தோஷப்பட்டேன். இரும்பு முறுகி உயிர்விடும்போதும் அப்படித்தான் இளகும் என்று புத்தகத்தில் இருக்கவில்லை. துவாரத்துக்குள் கொஞ்சம் ஆழத்தில் முறிந்து, மேல்துண்டு என் கையில் வந்தது.

நான் அதன் முனையில் கிரீஸ் தடவி, பழையபடி துவாரத்தில் நிறுத்திவைத்துவிட்டு உள்ளே போய்ப் பாடம் படித்தேன்.

அப்பா வேலையால் வந்து ஸ்பேனரை வைத்ததும் அது சாய்ந்தது. எடுத்து முனையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகன், நீ இதைத் தொட்டனியா?"

"இல்லையப்பா."

"அப்ப என்ட கைதான்."

நாங்கள் 'பாஸ்' என்று கூப்பிடும் எதிர்வீட்டு மெக்கானிக் வந்து பார்த்து, எஞ்சின் தலையைக் கழற்றாமல் முடியாது, ஒரு கிழமை வேண்டும் என்று சிங்களத்தில் சொல்லி, இவ்வளவு பொறுமையான 'மாத்தயா', அதாவது ஐயா, ஏன் அவசரப்பட்டார் என்றும் கேட்டார். அப்பா சிரித்தார். ஃபைல் பிடிக்கிற கை எஞ்சினைப் பிடித்தால் இதுதான் நடக்கும் என்று அம்மா இரண்டு நாளும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை வாடகைக் கார் வந்தது. முன் ஆசனத்தில் டிரைவருக்குப் பக்கத்தில், கோட் போட்ட அப்பா இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அதன்பின் கார் வேலை எதுவென்றாலும் பாஸைத்தான் கூப்பிட்டார்.

பிறகு நான் எஞ்சினியரிங் படித்து, முறிந்த ஸ்டட்டை எடுக்கும் முறைகளை, நடுவில் துளையிடுவதிலிருந்து நட்டை வெல்டிங் பண்ணி இழுப்பது வரை, மற்றவர்களுக்குப் படிப்பித்து ஓய்வும் பெற்றேன். புதிதாக முறிந்த இரும்பின் முகம் பளிச்சென்று இருக்கும் என்பதை அந்தப் படிப்பின் முதல் வருடத்திலேயே சொல்லித்தந்தார்கள். அப்பா பார்த்த முகத்தில் கிரீஸ் இருந்தது. அதைக் கண்டபிறகுதான் அவர் என்னைக் கேட்டிருக்கிறார். அதற்குப் பின் பத்தொன்பது வருடம் உயிரோடு இருந்தார். ஒருநாளும் திரும்பக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கார் பழைய இரும்புக்குப் போய்விட்டது. வீடு நின்ற இடத்தில் மாடிக் குடியிருப்பு. பாஸும் இல்லை, அம்மாவும் இல்லை. போன மாதம் வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்த அக்கா கலியாணப் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா அண்டைக்கு மட்டும் அவசரப்படாம இருந்திருந்தா, அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார், என்ன தம்பி?"

"ஓம் அக்கா" என்றேன்.