மஸ்கட்டில் ஓர் உத்திராபதி

மஸ்கட்டில் பழனிவேலை யாரும் பழனிவேல் என்று கூப்பிட்டதில்லை. அந்தக் கூத்துக்குக் காரணம், பாஸ்போர்ட்டுக்கு எழுதிக்கொடுத்த ஏஜென்ட். உ. பழனிவேல் என்றால் அந்த உ-வை விரித்து முன்னால் போட வேண்டும் என்று அந்த மேதாவிக்கு யார் சொன்னார்களோ, ‘உத்திராபதி பழனிவேல்’ என்று எழுதித் தொலைத்தான். வெளிநாட்டு ஆபீஸில் முன்னால் இருப்பதுதான் ஆளின் பெயர். அப்பன் பெயர் மகனுக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

நான் தங்கசாமி, பெரம்பலூர்க்காரன். மஸ்கட்டில் கம்பி கட்டும் வேலை. பழனிவேல் அரியலூர்ச் சீமை, தா.பழூர் பக்கம்; கலவை சுமந்தான். எண்பத்தொன்றில் அவன் வந்து சேர்ந்த மறுநாள் காலை, லாரி கிளம்பும் முன் ஆபீஸ் மலையாளி பெயர் வாசித்தார். “உத்திராபதி” என்றதும் இவன் திரும்பிப் பின்னால் பார்த்தான். அப்பா எப்படி இங்கே வந்தார் என்று ஒரு கணம் நினைத்துவிட்டானாம். பிறகு “இருக்கேங்க” என்று பதில் சொல்லப் பழகிக்கொண்டான்.

இருவருக்கும் ஒரே அறை. எனக்குக் கீழ்க்கட்டில், அவனுக்கு மேல்கட்டில். முறை வைத்துச் சமைப்போம். அவன் முறை வந்தால் கருவாட்டுக் குழம்பு வைப்பான். பக்கத்து அறைக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். வெள்ளிக்கிழமை துணி துவைத்துக் கொடியில் போட்டால் வாளியை வைத்துவிட்டு வருவதற்குள் காய்ந்திருக்கும். என்னை வம்புக்கு இழுக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

“எங்க அரியலூர்ல ரயிலு நிக்குது. ஒங்க பெரம்பலூர்ல என்னாண்ணே நிக்குது?”

“பஸ்ஸு நிக்குதுடா. ஏறி ஊரு போய்ச் சேரு.”

சிரிப்பான். ஆனால் ஊர்ப் பேச்சு எப்படி ஆரம்பித்தாலும் கடைசியில் அவன் அப்பாவிடம்தான் போய் நிற்கும். அவருக்கு இருமல், உடம்பு ஒடுங்கிவிட்டது. “ஒத்தப் புள்ளண்ணே நானு. கடைசியில பக்கத்துல இருந்துடணும். அது ஒண்ணுதான் எனக்கு” என்பான். லீவு கேட்டால் பொங்கலுக்குப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவனும் காத்திருந்தான்.

கார்த்திகை மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், மலையாளி எங்கள் அறைக்கு வந்தார். நல்ல மனுஷர், எங்களோடு டீ குடிக்கிறவர்.

“எடோ உத்திராபதி, சனிக்கிழமை ஒங்க ஊர்லேருந்து போன். லைன் ஒரே இரைச்சல். பழனிவேல் இருக்கானான்னு ஒருத்தன் கேட்டான். அப்படி யாரும் இல்லைன்னேன். ஒடனே உத்திராபதிக்கு சீரியஸ்னு கத்தறான். அவனுக்கு ஒண்ணும் இல்லைப்பா, இப்பத்தான் லாரி ஏறிப் போனான்னு சொல்லி வச்சுட்டேன்.”

அறையே சிரித்தது. பழனிவேல் மட்டும் கையிலிருந்த டம்ளரை மெல்லக் கீழே வைத்தான்.

“சார், அது எங்கப்பா.”

அன்றைக்கே ஊரிலுள்ள ரைஸ்மில் போனுக்குக் கால் போட்டோம். ஆள் அனுப்பி அவன் தங்கை புருஷன் ராசாங்கத்தைக் கூட்டிவந்தார்கள். பக்கத்தில் நின்ற எனக்கே அவர் குரல் கேட்டது.

“மாமா தவறிட்டாரு மச்சான். ரெண்டு நாளு ஒனக்காக வச்சிருந்தோம். தாங்காதுன்னுட்டாங்க. கொள்ளி நாந்தான் போட்டேன். நீ நல்லாருக்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்களே, அப்பறம் ஏன் மச்சான் வரல?”

பழனிவேல் போனை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனான். அந்த ஏஜென்ட் அன்றைக்கு என் கையில் கிடைத்திருந்தால் நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன்.

மலையாளி சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார். மேலே யார் யாரிடமோ மன்றாடி, ஆபீஸில் பெயரைத் திருத்த அனுமதி வாங்கினார். அடுத்த வாரம் லாரி அருகே நின்று “பழனிவேல்” என்று வாசித்தார். பதில் இல்லை. மறுபடியும் வாசித்தார்.

“ஒன்னத்தான்டா” என்று நான் இடித்தேன். அவன் அவர் முன்னால் போய் நின்றான்.

“சார், பழைய பேரையே கூப்புடுங்க.”

“ஏன்டா? அதனாலதானே இவ்வளவும்?”

“எங்கப்பா பண்ணையாளு சார். சாவுற மட்டும் அவர ‘டேய்’னுதான் கூப்புட்டாங்க. அவ்வளவு நல்ல பேர ஊர்ல ஒருத்தரும் வாயால சொன்னதில்ல. இங்கதான் தெனம் சொல்றீங்க.”

மலையாளி கையிலிருந்த தாளில் புதுப் பெயரை அடித்துவிட்டுப் பழையதை எழுதினார். பிறகு நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

“மிஸ்டர் உத்திராபதி.”

“இருக்காருங்க” என்றான் பழனிவேல்.