வாடை தெரியாத வாரம்

ஆம்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே தோல் பதனிடும் தொழிற்சாலை. அந்த நாற்றத்தோடுதான் சாப்பிடுவோம், தூங்குவோம். கொரோனா முதல் ஊரடங்கில் அதை மூடியபோது வாடையும் நின்றது. அதனால் இரண்டாவது அலையில் ஒரு காலை, ஷேர் ஆட்டோ ஓட்டும் என் கணவர், "இன்னிக்கி வாடையே இல்ல, மறுபடியும் மூடிட்டானுங்க போல" என்றபோது எனக்குத் திக்கென்றது. மூடவில்லை. எனக்கு மூக்கைத் துளைத்துக்கொண்டிருந்தது.

"வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன்.

"இன்னா ஆச்சு உனக்கு? ஜுரம்கூட இல்ல."

நச்சரித்து எடுக்க வைத்த கொரோனா பரிசோதனையிலும் ஒன்றுமில்லை என்றே வந்தது. அவருடைய அண்ணனின் செல்போனில் வாட்ஸப் செய்திகளோ ஓயவில்லை. ஆவி பிடி என்றது ஒன்று, பிடித்தால் நுரையீரல் வெந்துவிடும் என்றது இன்னொன்று. ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை என்றார்கள் சொந்தக்காரர்கள், போனால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள் என்றும் அவர்களே சொன்னார்கள். நான் வாயை மூட வேண்டும் என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே கருத்து.

"எத வச்சும்மா சொல்ற?" என்று அதட்டினார் அண்ணன்.

"அவருக்குத் தோல் வாடை தெரியல மாமா. மூச்சும் சரியில்ல. எனக்கு மனசு கேக்கல."

"வாடை தெரியலன்னா நல்லதுதானே!" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை வருடம் பக்கத்தில் படுப்பவளுக்கு அந்த ஆள் மூச்சு விடுவது தெரியாதா? கஷாயம் காய்ச்சிக் கொடுத்துவிட்டு அண்ணன் கிளம்பினார். மறுநாள் கழிவறைக்குப் போய் வந்த என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். தெருவில் போன ஒரு ஆட்டோவை நிறுத்தி, திட்டித் திட்டியே அவரை ஏற்றி, வேலூருக்குக் கொண்டுபோனேன். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

பிழைத்து வந்தார். வாசலிலேயே அண்ணன், "பாத்தியாடா, நம்ம கஷாயம் காப்பாத்திடுச்சு" என்றார். என் கணவரும் ஆமாம் போட்டார். போன் செய்த ஒவ்வொருவருக்கும் அவர் கஷாயப் பக்குவம்தான் சொன்னார். தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடியவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்த வாரமே வாணியம்பாடியிலிருந்து அவருடைய தோஸ்த் கூப்பிட்டார். அவரும் ஆட்டோ ஓட்டுபவர். நடந்தால் மூச்சு வாங்குகிறதாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டார்.

"இன்னாத்துக்கு? கஷாயம் குடி. நான் உயிரோட இல்ல?"

நான் போனைப் பிடுங்கினேன். "இப்பவே கெளம்புங்கண்ணா, யார் பேச்சையும் கேக்காதீங்க!"

என் கணவர் திரும்பப் பிடுங்கினார். "இவ ஜாஸ்தி பயந்துட்டாடா. நீ கண்டுக்காத."

அந்த மனிதர் கண்டுகொள்ளவில்லை. ஒரு வாரத்தில் போய்விட்டார்.

ஊரடங்கு தளர்ந்த பிறகு துக்கம் விசாரிக்கப் போனோம். என் கணவர் வெளியே ஆண்களோடு உட்கார்ந்து குலுங்கி அழுதார். எனக்கு அந்த அழுகையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. உள்ளே போனேன். இறந்தவரின் மனைவி என்னைச் சபிப்பாள் என்றுதான் நினைத்தேன். சபித்திருக்கலாம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"அவர் உயிரோட இருக்க மாட்டார்னு எனக்கு அன்னிக்கே தெரிஞ்சிடுச்சிக்கா. அழுது பாத்தேன், கால்ல வுழுந்து பாத்தேன். உங்க வூட்டுக்காரர் பேசினப்புறம் எம் பேச்சு எடுபடல."