இரண்டாவது ஹாரன்

குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் தீர்த்தகிரியின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. லாரி டிரைவர் எவராவது இறங்கி, ‘ஹாரன் கடை எங்கே?’ என்று கேட்டால் போதும், பஞ்சர் கடைக்காரரும் டீக்கடைக்காரரும் ஒரே சமயத்தில் கையைக் காட்டுவார்கள். செல்ஃப் மோட்டார், டைனமோ, ஹெட்லைட் என்று லாரியில் மின்சாரம் ஓடும் எதையும் அவன் பார்ப்பான். ஆனால் அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஏர் ஹாரன்தான்.

பிரேக்குக்காக வைத்திருக்கும் காற்றுத் தொட்டியிலிருந்து ஒரு குழாயைப் பிரித்து நீளக் குழல்களுக்குள் விட்டால் எழும் சத்தம், வெகுதூரம் முன்னால் போகிறவனையும் ஓரம் ஒதுங்க வைக்கும். சட்டப்படி கூடாது. ஆர்.டி.ஓ. ஆட்கள் வண்டியை நிறுத்தினால் கூரையில் குழல் தெரிகிறதா என்று பார்ப்பார்கள்; ஸ்டீயரிங் பொத்தானை அமுக்கிக் கேட்பார்கள். வேறு கடையில் மாட்டிய டிரைவர்கள் செக்போஸ்ட் வருமுன் கழற்றுவதும் தாண்டியதும் மாட்டுவதுமாக அல்லாடுவார்கள். தீர்த்தகிரி அந்த அல்லாட்டத்துக்கு முடிவு கட்டினான். குழல்களைக் கூரையில் வைக்காமல் வண்டிக்கு அடியில், ஸ்டெப்னி டயருக்குப் பின்னால் கட்டினான். சுவிட்சை டேப் ரிக்கார்டரின் திருகுக்குள் ஒளித்தான். திருகு உள்ளே இருந்தால் ஸ்டீயரிங் பொத்தானுக்குக் கம்பெனி ஹாரன் ‘பீப்’ என்னும். திருகை வெளியே இழுத்துவிட்டால் அதே பொத்தானுக்கு ஏர் ஹாரன் அலறும்.

“தள்ளுனா பூனை, இழுத்தா புலி” என்று டிரைவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

மைசூர்ப் பக்கத்து டிரைவர் ஒருவர், “சவுண்டு ஜோராகி இரபேகு அண்ணா” என்று, சத்தம் பலமாக வேண்டுமெனக் கன்னடத்தில் கேட்டால், “ஜோர்தானே? நீ இங்க அமுக்கு, உங்க ஊருல மாடு எந்திரிக்கும்” என்பான் தீர்த்தகிரி. சோதித்துப் பார்க்கும்போது மட்டும் இரண்டு காதிலும் பஞ்சு திணித்துக்கொள்வான். தொழில் செய்கிறவன் காதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா?

பத்தாவதோடு படிப்பை விட்டு, ஓசூர்ப் பட்டறையில் ஒயர் சுருட்டிப் போட்டுத் தொழில் கற்றவன். சொந்தக் கடை வைத்தான், ஊரில் மெத்தை வீடு கட்டினான். ஏதாவது விசேஷத்துக்குப் போனால் முன்வரிசையில் நாற்காலி போடுவார்கள். அந்தத் திருகு அவன் மூளையில் உதித்தது என்பதில் அவனுக்குக் கர்வமே உண்டு.

அவனுடைய பெரிய வாடிக்கை, ஊரில் ஜல்லி கிரஷர் வைத்திருக்கும் நாராயணப்பன். ஒருவகையில் பங்காளி. அவருடைய டிப்பர்கள் எல்லாவற்றுக்கும் தீர்த்தகிரிதான் புலி மாட்டினான். அந்த டிப்பர்கள் நெடுஞ்சாலையில் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு ஊருக்குள்ளேயே, ஏரிக்கரை மேலேயே ஓடின. கரையோ ஒரு வண்டி அகலம். எதிரே வருகிறவர் ஒதுங்கித்தான் ஆகவேண்டும். டிப்பர் வரும்போதெல்லாம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டு, அது போனபிறகு தொடங்குவார். தூளியில் போட்ட குழந்தைகள் தூக்கிவாரிப்போட்டு அழும். ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. பழகிக்கொண்டதாகத் தீர்த்தகிரி நினைத்தான்.

அந்தக் கரையில்தான் சாந்தம்மா விழுந்தாள்.

சாந்தம்மாவின் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்தவர்கள். அவள்தான் அந்தத் தெருவிலிருந்து முதலில் கம்பெனி வேலைக்குப் போனவள். ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் கார்களுக்கு ஒயர் கட்டும் வேலை. கான்ட்ராக்ட்தான், ஆனால் வேகமான கை என்று சூப்பர்வைசரிடம் பேர் வாங்கியிருந்தாள். அன்று காலை மகள் மாதேஸ்வரியைப் பின்னால் உட்காரவைத்து, அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று எக்ஸெல் மொபெட்டில் கரைமேல் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் நெருங்கிய டிப்பர் முதுகிலேயே ஹாரனை வைத்தது. உடம்பு துள்ளிற்று, வண்டி சாய்ந்தது, தாயும் மகளும் மதகுக் கல்மேல் விழுந்தார்கள். மகளுக்குச் சிராய்ப்பு. சாந்தம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. டிப்பர் அவர்களைத் தொடக்கூட இல்லை. நிற்காமல் போய்விட்டது.

கட்டுப் போட்ட கையோடு அவள் ஸ்டேஷனில் புகார் கொடுத்தாள். வைத்தியச் செலவை நாராயணப்பன் ஏற்கவேண்டும், டிப்பர் கரைமேல் ஓடக்கூடாது, இவ்வளவுதான். நாராயணப்பன் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்: “என் வண்டில அப்படி ஹாரனே கிடையாது.”

எஸ்.ஐ. ஊருக்கே வந்தார். டிப்பரைக் கரையோரம் நிறுத்தச் சொன்னார். அன்று அதை ஓட்டிய டிரைவர் பாலாஜி ஏறி உட்கார்ந்து பொத்தானை அமுக்கினான்.

‘பீப்.’

கூடியிருந்தவர்களில் பலர் கிரஷரை நம்பிப் பிழைப்பவர்கள்; சிரித்துவிட்டார்கள். “ஏம்மா, இதுக்கா விழுந்தே? எங்க வீட்டுக் கோழி இதைவிடச் சத்தமா கத்தும்” என்றார் ஒருவர். “கம்பெனிக்காரி ஆச்சே, நஷ்டஈடுன்னா என்னான்னு தெரிஞ்சுபோச்சு” என்றார் இன்னொருவர்.

“இது இல்லீங்க சார்” என்றாள் சாந்தம்மா. “இது வேற. அது கேட்டப்போ எனக்குக் காதே அடைச்சுப்போச்சு. இன்னிக்கு வரைக்கும் உள்ள வண்டு ஒண்ணு கத்திக்கிட்டே கீது.” கூட்டத்தில் தீர்த்தகிரியைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. “இதோ, அண்ணன் இருக்காரே! ஹாரன் வேலை தெரிஞ்சவரு. அவரையே பாக்கச் சொல்லுங்க சார்.”

எஸ்.ஐ. திரும்பினார். “ஏம்பா, நீயே பாரு. வேற ஹாரன் ஏதாச்சும் இருக்குதா?”

தீர்த்தகிரி நாராயணப்பனைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவும் இல்லை. படியில் ஏறிக் கூரையைத் தடவிப் பார்த்தான். முன்பக்கம் குனிந்து பார்த்தான். ஸ்டெப்னி டயர் இருக்கும் பக்கம் மட்டும் போகவில்லை.

“மேல ஒண்ணும் இல்லீங்க சார்” என்றான்.

அது உண்மைதான். மேலே ஒன்றும் இல்லைதான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த உண்மையையே அவன் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். வாயில் வைத்த வேப்பங்கொட்டைபோல அது கசந்துகொண்டே வந்தது.

மனைவி சௌமியா சோற்றைப் போட்டுக்கொண்டே, “பாவம், அந்த சாந்தம்மா பொய் சொல்றவ இல்லீங்க. ஏன் இப்படிப் பண்ணா?” என்றாள். அவன் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துகொண்டான்.

ஒரு வாரம் தாக்குப்பிடித்தான். பிறகு, எக்ஸெல் வண்டியின் உடைந்த விளக்கை மாற்றித் தருகிற சாக்கில் சாந்தம்மாவின் தெருவுக்குப் போனான். அவளே வாசலில் முக்காலி எடுத்துப் போட்டாள். இடது கையால் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கம்பெனியில் அவள் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்களாம். கை சரியானபிறகு வா, பார்க்கலாம் என்றார்களாம். அதைச் சொல்லும்போதுகூட அவள் குரல் உடையவில்லை. விளக்கை மாட்டி முடித்தபோதுதான் தயங்கிக் கேட்டாள்.

“அண்ணா, ஒண்ணு கேக்கறேன், சிரிக்காதீங்க. சின்ன ஹாரனே சில பேருக்குப் பெருசா கேக்குமா?”

“ஏன் கேக்கறே?”

“ஊருல கேக்கற பெரிய சத்தமெல்லாம் ஹைவே லாரியோடதாம், இந்த டிப்பருக்குச் சின்ன ஹாரன்தானாம், எல்லாரும் சொல்றாங்க. நீங்களும் பாத்துட்டு இல்லேன்னுட்டீங்க. நீங்க எதுக்குப் பொய் சொல்லப்போறீங்க? அப்போ என் காதுலதான் ஏதோ கோளாறுன்னு தோணுது. ராத்திரில அந்த வண்டு கத்தறப்போ, அன்னிக்கும் இதுதான் கத்துச்சோன்னு நெனைச்சுக்கறேன்.”

உள்ளேயிருந்து மாதேஸ்வரி எட்டிப் பார்த்தாள். “நானும் கேட்டேன்மா! டிப்பருதான் கத்துச்சு, பூம்னு!”

“சும்மா இரு பாப்பா” என்று அதட்டினாள் சாந்தம்மா. “அம்மா பயந்துட்டேன், நீயும் பயந்துட்டே. அவ்ளோதான். இல்லாததை இருக்குதுன்னு சொல்லக்கூடாது. தப்பு.”

மாதேஸ்வரி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். சாந்தம்மாவின் கையை உடைத்தது பாலாஜியின் அவசரம் என்று தீர்த்தகிரி அதுவரை ஒரு சமாதானம் வைத்திருந்தான். இந்தத் தாய் தன் காதையே சந்தேகப்படுவதற்கும், மகள் கேட்டதைப் பொய் என்று மகளுக்கே சொல்லிக்கொடுப்பதற்கும் பாலாஜி காரணமில்லை. ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

அன்றிலிருந்து கடையில் உட்கார்ந்தால் எதைப் பார்த்தாலும் அவனுக்குக் குற்றமாகவே பட்டது. பக்கத்து வாட்டர் சர்வீஸில் லாரி கழுவிய தண்ணீர் ஆயிலும் கிரீஸுமாகப் பள்ளத்தில் இறங்கியது. அவன் கடையின் பேட்டரி ஆசிட் தண்ணீரும் அதோடு கலந்துதான் பாலத்தடியில் புகுந்து ஏரி வாய்க்காலுக்குப் போனது. ஏரித் தண்ணீரில் வானவில் மிதப்பதாகப் பிள்ளைகள் விளையாட்டாய்ச் சொல்வார்கள். அந்தத் தண்ணீரில் பாத்திரம் கழுவிய பெண்களுக்குக் கையில் அரிப்பு வந்து, இப்போது யாரும் இறங்குவதே இல்லை. இத்தனை வருஷமாகத் தெரிந்தே ஊற்றியிருக்கிறோம் என்று நினைக்க உடம்பு கூசிற்று. ஆசிட்டை ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து, பழைய பேட்டரி வாங்குகிற வண்டிக்காரனிடம் அதையும் எடுத்துப்போகச் சொல்லி ஏற்பாடு செய்தான்.

வாட்டர் சர்வீஸ்காரர் ஆஞ்சப்பன் வேடிக்கை பார்த்துவிட்டு, “என்னா தீர்த்தா, மாலை போட்டுட்டியா? திடீர்னு ஆச்சாரமா கீறே?” என்றார்.

“ஆமா மாமா, நீயும் போட்டுக்கோ. உன் ஆயிலுக்கு ஒரு தொட்டி கட்டு, நான் ஒத்தாசை பண்றேன்” என்றான் தீர்த்தகிரி. ஆஞ்சப்பன் சிரித்தார். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. டிரம் வைத்ததால் மனசு லேசாகும் என்று பார்த்தான். ஆகவில்லை. செய்யவேண்டிய வேலையைத் தள்ளிப்போட்டுச் சில்லறை வேலை பார்க்கிறோம் என்பது அவனுக்கே தெரிந்தது.

அப்படியிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாலாஜி அதே டிப்பரைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

“அண்ணா, புலிக்கு இருமல் வந்துடுச்சு. காத்து லீக் ஆவுது போல. சீக்கிரம் பாருங்க, முதலாளி திட்டுவாரு.”

தீர்த்தகிரி வண்டிக்கு அடியில் புகுந்தான். குழாய் ஒன்று தளர்ந்திருந்தது. அதை முடுக்கினான். வெளியே வந்து, “ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கறேன், நீ டீ குடி” என்று சாவியை வாங்கினான். வண்டி நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பாமல் ஊர்ப்பக்கம் திரும்பியது. கரையைத் தாண்டி, சாந்தம்மாவின் தெரு முனையில் போய் நின்றது.

டிப்பரைப் பார்த்ததும் தெருவில் ஆட்கள் கூடினார்கள். சாந்தம்மாவும் மகளும் வந்தார்கள்.

“பாப்பா காதைப் பொத்திக்கம்மா. நீயும் பொத்திக்க” என்றான் தீர்த்தகிரி.

மாதேஸ்வரி பொத்திக்கொண்டாள். சாந்தம்மா பொத்திக்கொள்ளவில்லை. அவன் காதிலும் அன்று பஞ்சு இல்லை. திருகை வெளியே இழுத்துப் பொத்தானை அமுக்கினான்.

ஏரியில் மேய்ந்துகொண்டிருந்த கொக்குகள் மொத்தமாக எழும்பின. கட்டியிருந்த கன்று முளையை இழுத்தது. தன் நெஞ்சே அதிர்ந்து கண் இருண்டதை உணர்ந்தபோது, இதைத்தான் ஊர் ஊராக மாட்டி அனுப்பினோமா என்று தீர்த்தகிரி விக்கித்துப்போனான்.

சத்தம் அடங்கியது. “இதேதான்” என்றாள் சாந்தம்மா. மெதுவாகத்தான் சொன்னாள். பிறகு மகளை இழுத்து அணைத்துக்கொண்டு, “நீ சொன்னது நிஜம் பாப்பா. அம்மாதான் தப்பு” என்றாள்.

கூட்டத்தில் யாரோ, “எங்கடா இருந்துச்சு இது?” என்றார்கள்.

“அடியில. நான்தான் மாட்டினேன்” என்று இறங்கி வந்தான் தீர்த்தகிரி.

“அன்னிக்கு எஸ்.ஐ. கேட்டப்போ?” என்றாள் சாந்தம்மா.

“மேல இல்லேன்னு சொன்னேன்.”

“அடியில இருக்குதுன்னு சொல்லல.”

“சொல்லல.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தான். அவள் கட்டுப் போட்ட கையை மார்போடு சேர்த்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

“எங்க தெருவுல வந்து சொன்னா ஆச்சா? எல்லாரும் சிரிச்சது கரை மேல. எழுதிக்கிட்டது ஸ்டேஷன்ல.”

“ஸ்டேஷனுக்கே போறேன் சாந்தம்மா. வண்டியோட போறேன். ஏறிக்க, போலாம்.”

“இதுலயா?” என்றாள். “நான் பஸ்ஸுல வர்றேன். நான் வர்றதுக்கு முன்னால நீங்க உள்ள போகக்கூடாது. நீங்க சொல்றதை நான் கேக்கணும்.”

ஸ்டேஷன் வாசலில் டிப்பரை நிறுத்திவிட்டு அவன் ஸ்டீயரிங்கிலேயே உட்கார்ந்திருந்தான். பாலாஜி யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். முகம் வெளிறியிருந்தது.

“அண்ணா, என் வேலைக்கு உலை வைக்காதீங்க. ஸ்பானர் வண்டியிலயே கீது. நாலு நட்டுதான். இப்பவே கழட்டிக் கடாசிட்டுப் போயிடலாம். யாருக்குத் தெரியப்போவுது?”

நாலு நட்டுதான் என்பது தீர்த்தகிரிக்குத் தெரியாதா? முடுக்கியவனே அவன்தானே. கழற்றிவிட்டால் கடை இருக்கும், முன்வரிசை நாற்காலி இருக்கும். சட்டைப்பையில் போன் அடித்தது. நாராயணப்பன். எடுத்தான்.

“தீர்த்தா, என்னப்பா இது? நம்ம வீட்டுப் பிள்ளை நீ. ஒரு கூலிக்காரிக்காகவா?”

“அவளுக்காக இல்லண்ணா” என்று ஆரம்பித்தவன், அது பொய் என்று பட்டதும் நிறுத்தினான். “அவளுக்காகத்தான்” என்று சொல்லிப் போனை அணைத்தான். பாலாஜியிடம், “மாட்டினது நான், ஓட்டினது நீ. ரெண்டு பேரும் சொல்லிடலாம் வா” என்றான். பாலாஜி வரவில்லை. பைக்கில் ஏறிப் போய்விட்டான்.

பஸ்கள் வந்தன, போயின. ஒவ்வொன்று நிற்கும்போதும் அவன் அதன் படியையே பார்த்தான். சாந்தம்மா வராமலே போய்விட்டால் தேவலை என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டான். அப்படி ஆசைப்பட்டதற்கும் சேர்த்து வெட்கப்பட்டான்.

ஒரு டவுன் பஸ்ஸிலிருந்து சாந்தம்மா இறங்கினாள். இடது கையில் மகளைப் பிடித்திருந்தாள். டிப்பருக்கு அருகில் வந்து, அவன் இறங்கும்வரை நின்றாள்.

“வாங்க” என்றாள். படியேறும்போது, “சத்தமா சொல்லுங்க. எனக்கு வலது காது சரியாக் கேக்கறதில்லை” என்றாள்.