நாற்பதாவது குழாய்

புதிதாக வரும் ஒவ்வொரு சோதனைக் கிட்டின் பெட்டியையும் கவிழ்த்து, காலாவதித் தேதியை நகத்தால் சுரண்டிப் பார்க்கிறார். அடியில் வேறு தேதி ஒளிந்திருந்தால்? இதுவரை ஒருமுறையும் இருந்ததில்லை. அதற்காக விட்டுவிடுவாரா என்ன. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடமாக இதே கதைதான். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர், சிஐடி அக்கா.

போன வாரம் விற்பனைப் பிரதிநிதி ஒருவர் புதுக் கிட்டோடு வந்து மாட்டிக்கொண்டார். கல்லீரலைக் கெடுக்கும் காமாலைக் கிருமியைக் கண்டுபிடிக்கிற கிட்டு.

"தொண்ணூத்தொன்பது சதவீதம் சரியா சொல்லும்க்கா."

"நூறு பேர்ல ஒருத்தருக்குத்தான் இந்த நோய். கண்ண மூடிக்கிட்டு எல்லாருக்கும் இல்லன்னு சொன்னா நானும் தொண்ணூத்தொன்பதுதான். இருக்கிறவங்கள எத்தன பேரை விட்டுடும், இல்லாதவங்கள எத்தன பேரைப் பிடிக்கும்? ரெண்டையும் தனித்தனியா சொல்லுங்க."

பிரதிநிதி விளம்பர அட்டையைப் புரட்டி முழித்தார்.

இந்த முழிப்புக்காகவே அக்காவின் குளிர்பெட்டியில் ரத்த மாதிரி அடைத்த அறுபது குழாய்கள் இருக்கின்றன. இருபது, நோய் உள்ளவர்களுடையது. நாற்பது, இல்லாதவர்களுடையது, அதில் கடைசிக் குழாய் அவருடைய சொந்த ரத்தம். எந்தக் கிட்டு வந்தாலும் அறுபதையும் அதில் சோதித்து நோட்டில் நான்கு கட்டம் போடுவார்: சரியாகப் பிடித்தது, வீணாகப் பிடித்தது, சரியாக விட்டது, தப்பவிட்டது. கூடத்தில் இப்போது ஓடும் பழைய கிட்டு இருபதில் மூன்றைத் தப்பவிட்டது. அதை மாற்றுங்கள் என்று மேலிடத்தில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

பிரதிநிதியை உட்காரவைத்துச் சோதனையை ஆரம்பித்தார். புதுக் கிட்டு இருபதையும் பிடித்தது. முப்பத்தொன்பதைச் சரியாக விட்டது. நாற்பதாவதில் இரண்டு கோடு விழுந்தது. இரண்டு கோடு என்றால் கிருமி இருக்கிறது.

மறுபடி போட்டார். மறுபடியும் இரண்டு.

"ஒண்ணு ரெண்டு அப்படி வரும்க்கா. வேற பெட்டி தரேன்," என்று பிரதிநிதி பதறினார்.

"கிட்டு புளுகுது. வீணாப் பிடிச்சதுல எழுதிட்டுப் போங்க," என்றார் அடுத்த மேசைக்காரர்.

அக்கா பேனாவைத் திறந்தார். வீணாக என்று எழுத வேண்டுமானால் தனக்கு நோய் இல்லை என்பது உறுதியாகத் தெரிய வேண்டும். மற்ற குழாய்களையெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி உறுதி செய்திருந்தார். தன்னுடையதை மட்டும் அனுப்பவில்லை. இல்லை என்று சொன்னது அந்தப் பழைய கிட்டு. உலகத்தையே சந்தேகப்பட்டவருக்குத் தன்னைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. எத்தனை வருடம், வேலையில் கைதவறி எத்தனை ஊசிக் குத்து என்று கணக்குப் போட்டார். பயந்துதான் போனார்.

கட்டத்தில் எதுவும் எழுதாமல் பேனாவை மூடினார். பெட்டியை எடுக்க வந்த பிரதிநிதியின் கையைத் தள்ளிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஒரு காலிக் குழாயை எடுத்து வைத்தார். ரப்பர் பட்டையை முழங்கைக்கு மேல் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கவ்வி இறுக்கிக்கொண்டு, அடுத்த மேசைக்காரரின் முன்னால் கையை நீட்டினார்.