தம்பியின் கடலை

துறைமுகக் கிடங்கில் அவளுக்குக் குத்தூசி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை அங்கே யாரும் கேட்டதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் நிலக்கடலை கடைகளுக்குப் போகுமுன், மூட்டைகளில் ஊசியைச் செருகி மாதிரி எடுப்பது அவள் வேலை. பூசணம் பிடித்த கடலையில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கும். ஆய்வுக்கூடத்தில் அது தெரிந்துவிட்டால் மொத்தச் சரக்கையும் எரித்துவிடுவார்கள். அதனால் வியாபாரிகள் அவளைக் கண்டால் குழைவார்கள், அவள் முதுகு திரும்பியதும் கரித்துக் கொட்டுவார்கள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. யார் கொடுத்தாலும் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டாள். சுத்தமான கை என்று ஊரே சொல்லும். அந்தச் சுத்தமான கையோடு தினமும் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அவளுக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது தம்பி படித்துக்கொண்டிருந்தான். அவன் படித்து முடித்தபோது கல்யாணப் பேச்சு வரவில்லை. இப்போது அவளுக்கென்று இருப்பது அந்தத் தம்பியின் வீடு ஒன்றுதான். விடுமுறை நாளில் போவாள். தம்பி பெண்டாட்டி, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க அண்ணி" என்பாள். அதைக் கேட்பதற்காகவே பசி இல்லாத நாளிலும் சாப்பிடுவாள்.

அந்தத் தம்பிக்குத்தான், நடத்திவந்த கடலை வியாபாரத்தைப் பெரிதாக்கும் ஆசை வந்தது. முதல்முறையாக ஒரு கன்டெய்னர் கடலை தருவித்தான். உறவுக்காரர் சரக்கில் மாதிரி எடுக்கக் கூடாது, சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அவள் அதைச் சொல்வதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

"யார்கிட்டயும் சொல்லாதக்கா. நீயே எடு. வேற ஆளுன்னா எனக்குப் பயமா இருக்கு."

வேறு ஆள் என்று இருந்தது ஒரே ஒரு சோம்பேறி. கதவோர மூட்டைகளைக் குத்திவிட்டு வீட்டுக்குப் போகிறவன். அவனைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயந்துபோய் அக்காவைத் தேடி தம்பி வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் தலையாட்டிவிட்டாள். புத்தி கெட்ட சந்தோஷம்தான், வேறென்ன சொல்ல?

கதவோரத்துக் கடலை கலகலவென்று காய்ந்திருந்தது. வழக்கம்போல முன்வரிசையை இறக்கச் சொல்லி உள்ளே ஏறினாள். கடல் பயணத்தில் கூரை வியர்த்து, பின்பக்க மூட்டைகளின்மேல் சொட்டியிருந்தது. தடவிப் பார்த்தாள், ஈரம். அவற்றை விட்டுவிட்டு வந்தால் ஏன் என்று கேட்க ஆளில்லை. தம்பியின் முகம் நினைவுக்கு வந்து அழுகை முட்டியது. யார் வீட்டுப் பிள்ளையோ தின்னப்போகிற கடலை என்பதும் நினைவுக்கு வந்தது. பாழாய்ப்போன கை, ஊசியைச் செருகியது.

நஞ்சு அளவுக்கு மீறி இருப்பதாக முடிவு வந்தது. தம்பி ஆட்சேபம் சொன்னான். அதற்குள் கிடங்கில் யாரோ அந்தச் சோம்பேறியைப் பற்றித் தம்பி காதில் ஓதியிருந்தார்கள். அதிகாரி இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு, எல்லோரிடமும் கேட்பதை அவனிடமும் கேட்டார்.

"மாதிரி எடுத்தவங்க உங்களுக்கு உறவா? உறவுன்னா அது செல்லாது. இன்னொருத்தர் வந்து புதுசா எடுப்பாரு. மறைச்சதுக்கு இவங்க வேலை போயிடும்."

உறவு என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் அந்தச் சோம்பேறி வருவான், சரக்கு பிழைத்துவிடும். அதிகாரி முன்னால் அவன் 'என் அக்கா' என்று சொல்லிக் கேட்டால் போதும், வேலை போனால் போகட்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. அவ்வளவு ஏங்கிப்போயிருந்தாள்.

தம்பி அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்ல சார். இவங்க யாருன்னே தெரியாது."

சரக்கை எரிக்கும்படி அதிகாரி எழுதினார். இருவரும் அடுத்தடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். தம்பி விடுவிடுவென்று வாசலைத் தாண்டிப் போனான். தன்னைக் காப்பாற்றினானா, கைகழுவினானா என்று அவளுக்கு விளங்கவில்லை. ஓடிப்போய்க் கேட்கவும் வழியில்லை, சுற்றிலும் ஆட்கள்.

அவளும் வாசலுக்கு வந்தபோது காவலாளி அவன் போன திசையைப் பார்த்தார்.

"யாரும்மா அவரு? முகமெல்லாம் செத்துப்போய்ப் போறாரே."

அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"தெரியலைங்க" என்றாள்.